பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தவர்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் இரண்டாவது மகளிடம் நடந்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு யாரும் அவளைக் குறைவாக நினைக்கக் கூடாது.

பள்ளிக்கூடத்துக்கு நான் இரண்டு வருஷம்தான் போனேன். எழுத்து பிடிபட்டது பிற்பாடு, சிதம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தபோது. கட்டிலுக்கு மேலே தொங்கும் அட்டையில் தாயின் பேர் இருக்கும். பிள்ளையை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வந்த படிப்பு இது. முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு பிள்ளைகூட என் கையில் இடம் மாறியதில்லை.

என் வீட்டுக்காரர் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டினவர். எழுபத்தைந்து வயதில் போனார், நாலு வருஷம் ஆகிறது. அவருடைய பட்டன் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நம்பரை எடுத்துவிடலாம் என்று பெரியவன் சொன்னான். இருக்கட்டும் என்றேன். காலையில் சாமி விளக்கைத் துடைக்கும்போது அதையும் துடைத்து சார்ஜில் போடுவேன். அதில் யாரும் கூப்பிட்டதில்லை.

ஆவணி மாதம் ஒரு நாள் அது அடித்தது.

பகல் பதினோரு மணி இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எடுத்துக் காதில் வைத்தால், ஒரு ஆண் குரல் அவர் பேரைச் சொல்லி, "இருக்காருங்களா?" என்று கேட்டது.

ஐம்பது வருஷம் அவரோடு வாழ்ந்தும் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயசுப் பெண்கள் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால்கூட வரிசையில் பின்னால் நிற்பவளை விட்டுச் சொல்ல வைப்பேன். அந்தப் பேரை முன்பின் தெரியாத ஒரு ஆள் என் காதுக்குள் சொன்னான்.

"அவுங்க இல்லைங்க. நீங்க யாரு?"

"நெல்லிக்குப்பத்துல இருந்து பேசறேங்க. எங்கம்மாவுக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்தோம். சீட்டுல எங்கம்மா பேருக்குப் பதிலா அவரு பேரு வந்திருக்கு. கீழ இந்த நம்பரு. எங்க சீட்டு அங்க வந்துடுச்சான்னு கேக்கலாம்னுதான்."

"இங்க ஒன்னும் வரலைங்க."

"வயசு எழுபத்தொன்பதுன்னு போட்டிருக்கு. எங்கம்மாவுக்கு அறுவதுதான் ஆவுது. இன்னா கூத்தோ."

போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருந்திருந்தால் அவருக்கு எழுபத்தொன்பதுதான். போனவருக்கு எங்கேயோ வயது ஏறிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஓ.டி., அதாவது கடலூர் பழைய டவுனிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "எம்பொண்ணு சீட்டுல உங்க வூட்டுக்காரரு வந்து உக்காந்துகினு இருக்காரு, எழுப்பி அனுப்பி வுடுங்கம்மா" என்று சிரித்தாள். எல்லோரும் ரத்தம் கொடுத்தவர்கள். எல்லோருடைய சீட்டிலும் அவர் பேர், அவர் வயது, இந்த நம்பர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று ஒளிக்காமல் எழுத வேண்டும்.

என் இரண்டாவது மகளும் அவள் பெண்ணும் என்னோடுதான் இருக்கிறார்கள். சிதம்பரத்தில் ஒரு சின்னக் கம்பெனி, ரத்தம் பார்க்கும் லேப்புகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கிறது. அதில் இவளுக்கு வேலை. திரையில் தெரிவதை எழுதுகிறவர்கள் வேறு. இவள் எழுதுவது அடியில் இருக்கும் கிடங்கு. ஆட்களின் விவரத்தை அடுக்கி வைத்து, கேட்டால் எடுத்துத் தருவது. டேட்டாபேஸ் என்பாள். வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் போவாள், மற்ற நாள் முன்னறையில் உட்கார்ந்து எழுதுவாள். தெருவில் யாராவது, "உம் பொண்ணு கம்ப்யூட்டர் பாக்குதாமே" என்றால், "பாக்கறது இல்ல, அது உள்ளுக்குள்ள இருக்கறத அவதான் எழுதறா" என்பேன். அப்படிச் சொல்லிவிட்டு, லேப் சீட்டெல்லாம் தப்பாக வருகிறது என்று நானே போய் அவளிடம் எப்படிச் சொல்வது?

அது ஒரு காரணம். இன்னொன்று உண்டு. பதினோரு மணி ஆனால் என் காது தானாக அந்த போன் பக்கம் போய்விடும். முதலில் "இல்லைங்க" என்று சொன்னவள், மூன்றாவது நாலாவது ஆளுக்கு என்னையும் அறியாமல் வேறு மாதிரி சொன்னேன். "வெளிய போயிருக்காங்க" என்றேன். சொன்ன பிறகு வாசல் கதவைப் பார்த்தேன். ஆனாலும் அடுத்த முறையும் அதையேதான் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை வந்த அழைப்பில் பஸ் இரைச்சல் கேட்டது. நடு வயசுப் பெண் குரல்.

"குறிஞ்சிப்பாடி பக்கத்துல இருந்து பேசறேம்மா. எங்க மருமவளுக்கு செவ்வாக்கிழமை சிதம்பரத்துல வயித்துல ஆபரேசன். எங்க ஊரு முகாம்ல ரத்தம் எடுத்தாங்க. சீட்டு வேற பேருல வந்துச்சு. லேப்புல கேட்டா அந்தப் பொண்ணு பேனாவால பேரை அடிச்சுட்டு எங்க மருமவ பேர எழுதிக் கொடுத்துடுச்சு. ஒன்னும் பிரச்சனை இல்லையான்னு அய்யாவை ஒரு வார்த்தை கேக்கலாம்னு."

"வெளிய போயிருக்காங்க. வந்தா கேட்டுச் சொல்றேன்."

"பேரு மட்டும்தானே தப்பு? மத்ததெல்லாம் எங்க புள்ளையோடதுதானே?"

"ஆமா, இருக்கும்."

"சரிம்மா. ரத்தம் ஏத்த வேண்டி வரும்னாங்க. ஏபி பாசிட்டிவ்னு போட்டிருக்கு, சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் அது இல்ல. அதுக்குத்தான் அலையறோம்." பஸ் சத்தத்தில் பேச்சு அறுந்துபோனது.

நான் கீரையை வேக வைத்தேன். அரிசி கழுவினேன். சாதம் வடித்தேன். கஞ்சி ஒழுகிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஏபி பாசிட்டிவ் என் வீட்டுக்காரருடைய வகை. அவருடைய கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி அட்டையில் தினமும் பார்த்த எழுத்து அது. அந்தப் பெண்ணின் சீட்டில் பேர் மட்டும் இல்லை, ரத்தமும் அவருடையது.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு இது விளக்க வேண்டியதில்லை. மாற்று ரத்தம் ஏறினால் உயிர் தங்காது. ஏற்றும் முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவசரத்தில் சீட்டைப் பார்த்தே நடந்துபோன நாட்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா என்னிடம் கேட்டாள், மற்றதெல்லாம் எங்களுடையதுதானே என்று. நான்தான் ஆமாம் என்றேன்.

முன்னறைக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில், "எத்தினி நாளா இது?" என்றாள். சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

சிதம்பரத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பையனை, தம்பி என்றுதான் அழைப்பாள், போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ஆடியில நீ சேர்த்த ஃபங்ஷன் இருக்கே, ஆளைத் தேடறது. ஆளு இல்லன்னா அது என்ன பதில் குடுக்கும்?"

"சைபர், அக்கா."

"என்னோடது மைனஸ் ஒன்னு குடுக்கும்."

"உங்களது பழைய வழக்கம்கா. சைபர்னா காலிதானே. அதுல யாரு இருக்கப் போறாங்க?"

இவள் திரையில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? சைபர்ல யாராச்சும் இருக்காங்களா?"

"எங்கப்பா இருக்காரு" என்றாள்.



அன்றைக்கு அவள் எனக்கு விளங்க வைத்ததை என் புத்திக்கு எட்டினபடி எழுதுகிறேன். ஒரு வரிசையில் நாற்காலி போட்டு ஆட்களை உட்கார வைத்திருக்கிறது. இவர்கள் வழக்கத்தில் முதல் நாற்காலிக்கு நம்பர் ஒன்று இல்லை, சைபர். இன்னார் எந்த நாற்காலியில் என்று கேட்டால் பார்த்து வந்து நம்பர் சொல்வதற்கு ஒரு வேலை எழுதி வைத்திருக்கிறார்கள். அதுதான் ஃபங்ஷன். ஆள் இல்லாவிட்டால் என் மகள் எழுதினது மைனஸ் ஒன்று என்று சொல்லும். அப்படி ஒரு நாற்காலியே கிடையாது, அதனால் யாரும் ஏமாற முடியாது. தம்பி எழுதினது சைபர் என்று சொல்லும். அவன் நினைப்பில் சைபர் என்றால் யாரும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரி. சேர்ந்து ஒரே கிடங்கில் வேலை செய்யும்போதுதான் வினை. இவன், இல்லை என்று சொல்கிறான். அது அவள் காதில், முதல் நாற்காலியில் இருக்கிறார் என்று விழுகிறது.

அந்த முதல் நாற்காலியில்தான் அவர். வேலை ஆரம்பித்தபோது அவர் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நாம் காகிதத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதுகிற மாதிரி, அப்பாவை முதலில் உட்கார வைத்துவிட்டுத்தான் என் மகள் மற்றதை எழுதியிருக்கிறாள். பேர், பிறந்த தேதி, ரத்த வகை, போன் நம்பர், எல்லாம். சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். யாரிடமும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவள் என் மகள்தான்.

கிராமத்து முகாம்களில் எடுத்த விவரம் கிடங்குக்கு வந்து சேர ஒரு நாள் இரண்டு நாள் ஆகுமாம். அதற்குள் சீட்டுக் கேட்டால், இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி வராதவர்களுக்கெல்லாம் பதிலாக அவர் எழுந்து போயிருக்கிறார்.

லேப்புகளைக் கூப்பிட்டு, சீட்டு கொடுப்பதை நிறுத்தச் சொன்னாள். பிறகு அந்தக் குறிஞ்சிப்பாடி அம்மா கூப்பிட்ட நம்பரில் கூப்பிட்டாள். ஒரு ஆள் எடுத்தார். "பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்தவங்கம்மா. சார்ஜ் இல்லன்னு போன் கேட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"கிடங்குல பாரேன், யாருக்கெல்லாம் உங்கப்பா சீட்டு போச்சுன்னு" என்றேன்.

"பார்த்தேம்மா. யாருக்குப் போயிருந்தாலும் அப்பா பேருதான் காட்டுது. அவுங்க யாருன்னு இல்ல."

இதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்துபோனது. என் முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. எத்தனை பேர் என்று தெரியாது, யார் என்று தெரியாது, எல்லோரும் அவராகியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ரயிலில் இரண்டு பேரும் சிதம்பரம் போனோம். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது, "நான்தாம்மா எழுதினேன்" என்றாள். "வாயை மூடு" என்றேன். அவளும் தம்பியும் ஆபீசில் உட்கார்ந்து அந்த வேலையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி தேடுவதை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த உலகம் அது.

ஆட்டோ பிடித்து முதல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெண், நாளைக்கு வயிற்றில் ஆபரேசன் என்றேன். தேடினார்கள், அப்படி யாரும் இல்லை. இரண்டாவது ஆஸ்பத்திரியில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கறாராக இருந்தாள்.

"ஊரை வெச்சுல்லாம் தேட முடியாது பாட்டி. பேஷண்ட் பேரு?"

"தெரியாதும்மா."

"பேரு தெரியாம யாரைப் பாக்க வந்தீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பெண் அடுத்த ஆளைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவர் பேரை நானே சொன்னேன். என் குரலில் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவள் தட்டிப் பார்த்தாள். "இருக்காரு" என்றாள். "வயசு எழுபத்தொன்பது. முதல் மாடி, ஆறாவது கட்டில். காலையிலதான் அட்மிட் ஆயிருக்காரு."

நான் அங்கேயே நின்றேன். "லிஃப்ட் அந்தப் பக்கம்" என்றாள்.

லிஃப்டில் போகவில்லை. படியில் ஏறினேன். நடப்பது என்னவென்று தெரிந்துதான் ஏறினேன். சீட்டில் அச்சாகியிருந்த ஆள் நம்பரை இங்கே போட்டிருப்பார்கள், இதுவும் அதே கிடங்கைக் கேட்டிருக்கும். இது புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் நின்றேன். மேலே போனால் என்ன சொல்வது என்று யோசித்தேன். தலை வாரியிருக்கிறேனா என்று கையால் தடவிப் பார்த்தேன். இதை என் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை.

அது பெண்கள் வார்டு. ஆறாவது கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் பேரேதான், அச்செழுத்தில். அதன் மேல் பேனாவால் ஒரு கோடு, ஓரத்தில் பொடியாக வேறு ஒரு பேர். கீழே ஏபி பாசிட்டிவ். அந்த அட்டைக்குக் கீழே இருபத்தைந்து வயசுகூட இருக்காத ஒரு பெண், போர்வைக்கு வெளியே கால் நீட்டி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கால் விரலில் மெட்டி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "சனிக்கிழமை பஸ்ல இருந்து போன் பண்ணது நீங்களா?" என்றேன்.

குரலை அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து நின்றாள். "நீங்களா? வந்துட்டாரா அய்யா? கேட்டுச் சொல்றேன்னீங்களே."

"அவரு வெளிய போவல. அவரு இல்ல. செத்து நாலு வருஷம் ஆச்சு. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இந்தச் சீட்டுல இருக்கற எதுவும் உங்க மருமவளோடது இல்ல."

அந்த அம்மா அட்டையைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். சட்டென்று அவள் முகத்தைத் தடவி, மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி கையை மூக்கருகில் வைத்தாள்.

நர்ஸ் வந்தாள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"லேப் ரிப்போர்ட் இருக்கே. நீங்க யாரு பாட்டி, டாக்டரா?"

"ஆயா. நீ பொறக்கறதுக்கு முன்ன இருந்து."

"கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டத் தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எம் பொண்ணு எழுதினதுதாம்மா அது. அவ வெச்ச எடத்துல தப்பு நடந்துபோச்சு" என்றேன். இத்தனை வருஷம் தெருவெல்லாம் சொன்ன பெருமையை அந்த ஒரு வார்த்தையில் இறக்கி வைத்தேன். நர்ஸ் அதற்கு மேல் வாதாடவில்லை. ஊசி எடுத்து வந்தாள்.

ஒரு மணி நேரம் அந்த அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முடிவு வந்தது. ஓ பாசிட்டிவ். நர்ஸ் என்னைப் பார்க்காமல் பழைய அட்டையைக் கழற்றினாள். "நான் வெச்சுக்கட்டுமா?" என்றேன். தரக் கூடாது என்றாள். கிழித்துப் போட்டாள். மறுநாள் ஆபரேசன் நல்லபடி நடந்தது என்று அந்த அம்மா என் நம்பருக்குச் சொன்னாள், அவர் நம்பருக்கு இல்லை.

மகளும் தம்பியும் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து கிடங்கை மாற்றி எழுதினார்கள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருப்பேன். "யாரு எழுதினாலும் ஒரே மாதிரிதான் கேக்கணும், ஒரே மாதிரிதான் பதில் சொல்லணும்" என்றாள். இனிமேல் எந்த ஃபங்ஷனும் வெறும் நம்பர் சொல்லாதாம். முதலில் இருக்கிறாரா இல்லையா, அதைத்தான் சொல்லும். அதை வாங்கிப் பார்க்காதவருக்கு நாற்காலி நம்பர் கிடைக்கவே கிடைக்காது. "பாக்காம போறவங்களை வாசல்லயே நிறுத்திடும்கா" என்றான் தம்பி. இன்னும் பதினேழு இடத்தில் இதே மாதிரி ஆளுக்கொரு வழக்கம் இருந்ததாம். எல்லாவற்றையும் திருத்தினார்கள்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அப்பாவை எடுத்துடட்டாம்மா?" என்றாள். "எடு" என்றேன். ஒரு பட்டனைத் தட்டினாள், அவ்வளவுதான். பிறகு இல்லாத ஒரு ஆளைக் கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று வந்தது. நான், "அவரைக் கேளு" என்றேன். தயங்கினாள். பேரைத் தட்டினாள். அதற்கும் இல்லை என்று வந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இ, ல், லை.

போனை இன்னும் துடைத்து சார்ஜில் போடுகிறேன். பதினோரு மணிக்கு அது சும்மா கிடக்கிறது. கீரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்தபடி இருப்பேன்.

இதில் யார் பேரையும் எழுதவில்லை, அவர் பேரையும்தான். பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அது எங்கெல்லாம் எழுந்து போகும் என்று பார்த்துவிட்டேன்.

இந்த நோட்டு என் பேத்தியுடையது, பின்பக்கம் காலியாக இருந்த பக்கங்களில் எழுதினேன். இங்க வாடி, உக்காரு. முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. ரெண்டாவது பக்கத்துல தண்ணி பட்டு அழிஞ்ச எடம் ஒன்னு இருக்கு. அங்க நீயா எதையும் போட்டு நிரப்பிப் படிக்காத. இல்லன்னா இல்லன்னு சொல்லு.